வாய்மொழி உத்தரவைக் கோப்பில் ஏற்றுவது எப்படி? புதிதாக அரசுப் பணிக்கு வந்தவர்களுக்கு

பணியில் சேர்ந்த சில வாரங்களிலேயே இது நடந்துவிடும். மேலதிகாரி தன் அறைக்குக் கூப்பிட்டு, "அந்த ஃபைலை இப்படிப் போட்டுக் கொண்டு வாங்க, நான் பார்த்துக்கிறேன்" என்பார். நீங்களும் அப்படியே குறிப்பு எழுதிக் கொண்டுபோவீர்கள், அவரும் கையெழுத்துப் போடுவார், வேலை முடிந்துவிடும். இரண்டு மூன்று வருடம் கழித்துத் தணிக்கையில் கேள்வி வரும்போது அவர் வேறு மாவட்டத்திலோ வேறு துறையிலோ இருப்பார், இல்லை ஓய்வு பெற்றிருப்பார். தணிக்கையாளர் கையில் இருப்பது கோப்பு மட்டும்தான். அதில் "இவ்வாறு செய்யலாம்" என்று முன்மொழிந்திருப்பது நீங்கள். அந்த அறையில் யார் என்ன சொன்னார்கள் என்பதற்கு ஒரு வரிகூட இருக்காது.

அதிகாரிகள் வேண்டுமென்றே மாட்டிவிடுகிறார்கள் என்ற எண்ணத்தில் இதைச் சொல்லவில்லை. வாயால் சொல்லப்படும் உத்தரவுகளில் பெரும்பாலானவை நேர்மையானவை, நேரம் மிச்சமாக வேண்டும் என்பதற்காகச் சொல்லப்படுபவை. ஆறு கடிதம் எழுதி இரண்டு மாதம் இழுக்கிற விஷயத்தைப் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசி முடிப்பது நல்ல நிர்வாகம்தான், அதைக் குறைக்கச் சொல்லவே மாட்டேன். பேசி முடித்ததை அன்றைக்கே எழுதிவிடுங்கள் என்பதுதான் நான் கேட்டுக்கொள்வது. பேசியவர்களின் நினைவு ஆறு மாதத்தில் ஆளுக்கொரு மாதிரி மாறிவிடும், கோப்பில் எழுதியது மாறாது.

விதி உங்கள் பக்கம் இருக்கிறது

எழுத்தில் கேட்டால் மரியாதைக் குறைவாக நினைத்துவிடுவாரோ என்ற தயக்கம்தான் புதிதாக வந்தவர்களுக்குப் பெரிய தடை. அதனால் விதியை முதலில் தெரிந்துகொள்ளுங்கள், தயக்கம் பாதி போய்விடும்.

மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 3-ஆம் விதி இதை நேராகவே சொல்கிறது. மேலதிகாரியின் உத்தரவு சாதாரணமாக எழுத்தில்தான் இருக்க வேண்டும், வாய்மொழி உத்தரவை முடிந்தவரை தவிர்க்க வேண்டும், தவிர்க்க முடியாமல் வாயால் சொல்லிவிட்டால் உடனே எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். அதே விதி உத்தரவைப் பெற்றவர் மீதும் ஒரு கடமையை வைக்கிறது: கூடிய சீக்கிரம் எழுத்தில் உறுதிப்படுத்தல் கேட்க வேண்டும். கேட்டால் உறுதிசெய்து தருவது மேலதிகாரியின் கடமை. ஆகவே கேட்கலாமா வேண்டாமா என்ற கேள்விக்கே இடமில்லை, கேட்காமல் விட்டால்தான் நீங்கள் விதியை மீறியவர் ஆகிறீர்கள். ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். போன்ற அகில இந்தியப் பணியினருக்கான 1968 நடத்தை விதிகளிலும் இதே ஏற்பாடு உண்டு.

அடுத்து, மத்தியச் செயலக அலுவலக நடைமுறைக் கையேடு. இரண்டு அதிகாரிகள் பேசி முடிவெடுத்தால், அது ஒரே துறைக்குள்ளானாலும் வேறு வேறு துறைக்காரர்கள் பேசியதானாலும், பேச்சில் வந்த கருத்துகளையும் எட்டிய முடிவையும், நடவடிக்கைக்கு உத்தரவிடும் அதிகாரி கோப்பில் பதிவுசெய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. முக்கியமான முடிவு என்றால் பேச்சில் பங்கெடுத்தவர்களிடம் அந்தப் பதிவைக் காட்டி உறுதியும் வாங்க வேண்டும். கொள்கை தெளிவாக இல்லாத இடம், வழக்கமான கொள்கையிலிருந்து விலகும் இடம், இரண்டு நிலை அதிகாரிகளுக்குள் கருத்து வேறுபாடு இருந்த இடம் ஆகியவற்றைக் கையேடு குறிப்பாகச் சொல்கிறது. மாநிலப் பணியில் இருப்பவர்கள் தங்கள் மாநிலத்தின் நடத்தை விதிகளையும் அலுவலக நடைமுறை நூலையும் எடுத்து, இதற்கு இணையான பத்தியைக் கண்டுபிடித்து அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

2013 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியனும் அவரோடு சேர்ந்து பல ஓய்வுபெற்ற அதிகாரிகளும் போட்ட வழக்கு அது. குடிமைப் பணியாளர்கள் வாய்மொழி உத்தரவுகளின் பேரில் இயங்கக் கூடாது, அப்படி வரும் அறிவுறுத்தல்களைப் பதிவுசெய்ய வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. ஊழல் தடுப்புக்காக 1962-இல் அமைக்கப்பட்ட சந்தானம் குழுவும், குடிமைப் பணிச் சீர்திருத்தத்துக்கான ஹோட்டா குழு 2004-இலும் இதையே வலியுறுத்தியிருந்ததைத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. இன்னொரு காரணத்தையும் சொன்னது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது: பதிவே இல்லையென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 குடிமகனுக்குக் கொடுத்த உரிமை வெறும் காகிதமாகிவிடும். எழுதாத முடிவை எந்த மனுவைப் போட்டும் வாங்க முடியாதே.

எதை எழுத வேண்டும், எதை விட்டுவிடலாம்

எல்லாப் பேச்சையும் எழுதப் போனால் வேலை ஓடாது. "நாளைக்குக் கூட்டத்துக்குப் பத்து நகல் எடுத்து வைங்க" என்பதற்கெல்லாம் குறிப்பு வேண்டாம். நான் பார்க்கும் அளவுகோல் எளிமையானது: இந்தப் பேச்சால் யாருக்காவது பணம், உரிமை, பதவி, இடம், காலக்கெடு இவற்றில் ஏதாவது மாறுகிறதா? மாறினால் எழுத வேண்டும். ஏற்கனவே கோப்பில் இருக்கும் ஒரு குறிப்புக்கு மாறான திசையில் பேச்சு போயிருந்தால் கட்டாயம் எழுத வேண்டும். ஏனென்றால் கோப்பைப் பிற்பாடு படிப்பவருக்கு 12-ஆம் பக்கத்தில் "வழங்க இயலாது" என்றும் 14-ஆம் பக்கத்தில் "வழங்கலாம்" என்றும் இருக்கும், நடுவில் என்ன நடந்தது என்று தெரியாது. விசாரணைகளில் சந்தேகம் முளைப்பது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான்.

கோப்பின் ஓரத்தில் அதிகாரி "பேசவும்" என்று எழுதித் திருப்பி அனுப்புவது அன்றாடம் நடப்பது. புதியவர்கள் போய்ப் பேசிவிட்டு வந்து, பழைய குறிப்பை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை எழுதிவிடுவார்கள். செய்யாதீர்கள். "பேசவும்" என்ற சொல் கோப்பில் இருக்கிறது, அதற்குப் பதிலும் கோப்பில் இருக்க வேண்டும். பழைய குறிப்பு அப்படியே இருக்கட்டும், அதற்குக் கீழே பேசிய விவரத்தை எழுதி, அதற்கு அப்புறம் புதிய முன்மொழிவை வையுங்கள். எழுதிய குறிப்பின் மேல் தாள் ஒட்டி மறைப்பதும் தாளையே மாற்றுவதும் கூடவே கூடாது. தவறு இருந்தால் அடுத்த குறிப்பில் திருத்தம் எழுதினால் போதும்.

குறிப்பை எழுதும் முறை

பல கோப்புகளில் இப்படி ஒரு வரியைப் பார்க்கலாம்: "உயர் அலுவலரிடம் விவாதிக்கப்பட்டது. அன்னார் அறிவுறுத்தியபடி நடவடிக்கை எடுக்கப்படுகிறது." பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது, ஆனால் இதில் ஒன்றுமே இல்லை. எந்த உயர் அலுவலர்? எப்போது? அறிவுறுத்தியது என்ன? ஏன்? எழுதியவர் தன்னைக் காப்பாற்றிக்கொண்டதாக நினைப்பார், விசாரணை என்று வந்தால் இந்த வரி அவரைக் காப்பாற்றாது, அந்த அதிகாரியையும் தேவையில்லாமல் சிக்கலில் இழுத்துவிடும்.

இப்போது ஒரு எடுத்துக்காட்டு. ஓர் அலுவலகக் கட்டடத்தில் மின்பழுது வேலைக்கு ஒப்பந்தப்புள்ளி கேட்டிருக்கிறார்கள், திறக்கும் நாளைத் தள்ளிவைக்கலாமா என்று பேசியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். குறிப்பு இப்படி இருக்கலாம்:

"இப்பொருள் குறித்து இன்று (9.1.2025) காலை 11.30 மணிக்கு இணை இயக்குநர் அவர்களின் அறையில் விவாதிக்கப்பட்டது. கண்காணிப்பாளரும் பிரிவு உதவியாளரும் உடனிருந்தனர்.

2. ஒப்பந்தப்புள்ளிப் படிவத்துடன் இணைக்கப்பட்ட வரைபடத்தில் இரண்டாம் தளத்தின் அளவுகள் விடுபட்டுள்ளதாக இரு ஒப்பந்ததாரர்கள் அளித்த கடிதங்கள் (பக்கம் 41, 43) இணை இயக்குநர் அவர்களின் பார்வைக்குக் கொண்டுவரப்பட்டன.

3. திருத்திய வரைபடத்தை அனைவரும் அறியும்படி வெளியிட்டு, திறக்கும் நாளை ஏழு நாட்கள் தள்ளிவைக்கலாம் என இணை இயக்குநர் அவர்கள் அறிவுறுத்தினார்கள்.

4. நாளைத் தள்ளிவைத்தால் நிதியாண்டுக்குள் வேலை முடியுமா என்ற ஐயத்தைக் கண்காணிப்பாளர் எழுப்பினார். வேலைக்கான காலம் 45 நாட்களே என்பதால் பாதிப்பு இராது எனக் கருதப்பட்டது.

5. திருத்த அறிவிப்பின் வரைவு வைக்கப்பட்டுள்ளது. மேற்கண்ட பதிவை உறுதிசெய்து, வரைவுக்கு ஒப்புதல் அளிக்குமாறு வேண்டப்படுகிறது."

இதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நாள், நேரம், இடம், இருந்தவர்கள். பேச்சுக்கு எடுத்த ஆவணங்கள், பக்க எண்ணோடு. முடிவு, அதைச் சொன்னவர். காரணம். நான்காவது பத்தியில் எதிராக வந்த கருத்தும் அதற்கான பதிலும். இந்த நான்காவது பத்தியைத்தான் புதியவர்கள் விட்டுவிடுவார்கள், எல்லோரும் ஒரே மனதாக முடிவெடுத்தது போலக் காட்டினால் அழகாக இருக்கும் என்று. ஆனால் ஒருவர் சந்தேகம் கேட்டார், அதைப் பரிசீலித்தோம், இந்தக் காரணத்தால் ஏற்கவில்லை என்று எழுதியிருப்பதுதான் யோசித்து எடுத்த முடிவு என்பதற்குச் சாட்சி. கடைசிப் பத்தியில் "உறுதிசெய்து" என்ற சொல்லைக் கவனியுங்கள். அதிகாரி அதன் கீழே கையெழுத்துப் போடும்போது வரைவுக்கு மட்டுமல்ல, பேச்சின் பதிவுக்கும் சேர்த்து ஒப்புதல் தருகிறார். தனியாக ஒரு கடிதம் எழுதி உறுதிப்படுத்தல் கேட்கும் சங்கடமே இல்லாமல் வேலை முடிந்துவிடுகிறது. அன்றாடக் கோப்புகளில் பத்துக்கு ஒன்பது இடத்தில் இந்த வழியே போதும்.

காரணத்தை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், மொகிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றுவரை நிற்கிறது: ஓர் உத்தரவு செல்லுமா என்பதை அந்த உத்தரவில் சொன்ன காரணங்களை வைத்துத்தான் பார்க்க வேண்டும், வழக்கு வந்த பிறகு பிரமாணப் பத்திரத்தில் புதுக் காரணங்களைச் சேர்க்க முடியாது. அறையில் பேசிய காரணம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், அது உத்தரவில் ஏறவில்லை என்றால் நீதிமன்றத்தில் அதை எடுத்து நீட்டுவது கடினம். குறிப்பில் காரணம் இருந்தால்தான் உத்தரவின் வரைவிலும் அது வந்து சேரும்.

மொழி பற்றி ஒன்று. மரியாதையாகவும் உணர்ச்சி கலக்காமலும் எழுதுங்கள். "வற்புறுத்தினார்", "நான் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை" போன்றவை கோப்புக்கு உரியவை அல்ல. "மேற்கண்ட விதியின்படி இது இயலாது எனத் தெரிவிக்கப்பட்டது, எனினும் இவ்வாறு அறிவுறுத்தப்பட்டது" என்று எழுதினால் அதே செய்தி வந்துவிடும், யாரையும் காயப்படுத்தாது. பேச்சோடு பேச்சாக வந்த குடும்ப விஷயம், மற்றவர்களைப் பற்றிய கருத்து எதுவும் பதிவில் வரக் கூடாது. அப்புறம், பேசிய அன்றைக்கே எழுதுங்கள். முடியாமல் அடுத்த நாள் எழுதினால் அடுத்த நாள் தேதியையே போட்டு, "நேற்று விவாதிக்கப்பட்டது" என்று எழுதுங்கள். முன்தேதி போடுவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். ஒரு பொய்த் தேதி, மற்ற எல்லா உண்மையையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும்.

தொலைபேசியில் வந்தால்

அவசர நேரங்களில் உத்தரவு தொலைபேசியில்தான் வரும். வெள்ளம் வந்திருக்கும்போது எழுத்தில் கொடுங்கள் என்று காத்திருக்க முடியாது, காத்திருக்கவும் கூடாது. செய்துவிட்டு உடனே எழுதுங்கள். அலுவலக மின்னஞ்சலில் நான்கு வரி போதும்:

"ஐயா, இன்று மாலை 4.10 மணிக்குத் தாங்கள் தொலைபேசியில் அறிவுறுத்தியபடி, நிவாரண முகாமுக்கு 200 தார்ப்பாய்கள் கிடங்கிலிருந்து மாலை 5.30 மணிக்கு அனுப்பிவைக்கப்பட்டன. இருப்புப் பதிவேட்டில் பதியப்பட்டுள்ளது. மேற்படி அறிவுறுத்தலை எழுத்தில் உறுதிசெய்து தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்."

இதன் நகலைக் கோப்பில் வையுங்கள். கையேட்டின்படி, இப்படிக் கேட்டு வரும் கடிதம் கிடைத்ததற்கு மேலதிகாரியோ அவருடைய நேர்முக உதவியாளரோ ஒப்புகை தர வேண்டும். அதிகாரி உறுதிசெய்யத் தாமதித்தாலும், நீங்கள் கேட்ட நாளும் அது போய்ச் சேர்ந்த நாளும் பதிவில் இருக்கும்.

வாட்ஸ்அப்பில் வரும் உத்தரவை எழுத்து உத்தரவாக நினைத்துச் சும்மா இருந்துவிடாதீர்கள். செய்தியை அனுப்பியவர் அழிக்கலாம், தானாக மறையும்படி வைத்திருக்கலாம், நீங்களே கைப்பேசியை மாற்றலாம். வழக்கு என்று வந்தால் மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்கச் சான்றிதழ் வேண்டும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு அதைக் கேட்கிறது. ஆகவே செய்தி வந்த நாள், நேரம், அதன் வாசகம் மூன்றையும் குறிப்பில் எழுதி, அச்செடுத்த நகலைக் கோப்பில் சேர்த்து, வழக்கம்போல உறுதிப்படுத்தல் கேட்டுவிடுங்கள்.

அதிகாரி பேசுவதை ரகசியமாகக் கைப்பேசியில் பதிவுசெய்து வைத்துக்கொள்ளலாமா என்று புதியவர்கள் கேட்கிறார்கள். வேண்டாம். அது கோப்பின் பகுதி ஆகாது, அலுவலகத்தில் யாரும் யாரையும் நம்ப முடியாத நிலையைத்தான் உண்டாக்கும். வெளிப்படையாக எழுதிக் காட்டி, கையெழுத்து வாங்கும் ஒரு பத்தி அதைவிட வலுவானது. சொந்த நாட்குறிப்பு வைத்துக்கொள்வது நல்ல பழக்கம், நினைவூட்டலுக்கு உதவும். ஆனால் அதையும் கோப்புக்கு மாற்றாக நினைக்காதீர்கள்.

படிநிலையைத் தாண்டி வந்தால்

உங்கள் நேரடி மேலதிகாரிக்கு மேலே உள்ளவர் உங்களை நேரடியாகக் கூப்பிட்டு ஏதாவது சொன்னால், அதை உங்கள் நேரடி மேலதிகாரியின் கவனத்துக்குக் கூடிய சீக்கிரம் கொண்டுபோக வேண்டும். கோள் சொல்வதாக இதை நினைக்க வேண்டாம், கையேடே இப்படித்தான் செய்யச் சொல்கிறது. கோப்பையும் வழக்கமான வழியிலேயே, அவர் மூலமாகவே அனுப்புங்கள்.

அமைச்சர் அலுவலகத்திலிருந்து வந்தால் இன்னும் கவனம் வேண்டும். "ஐயா சொல்லச் சொன்னாங்க" என்று ஒரு உதவியாளர் பேசுவார். அமைச்சர் சார்பில் அவருடைய தனிப் பணியாளர் வாயால் சொன்னதை அந்தப் பணியாளரே உடனே எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும் என்பது மத்திய அரசுக் கையேட்டின் விதி. சொன்னது விதிமுறைக்கு உட்பட்டது என்றால் செயலாளரின் அல்லது துறைத் தலைவரின் கவனத்துக்குக் கொண்டுபோக வேண்டும். உட்படாதது என்றால், அது விதிக்கு உட்பட்டதல்ல என்பதைத் தெளிவாக எழுதி, என்ன செய்வது என்று அவர்களிடம் உத்தரவு கேட்க வேண்டும். ஓர் இளநிலை ஊழியர் தன் மேசையில் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டிய விஷயமே இல்லை இது, மேலே அனுப்பிவிடுங்கள். அமைச்சர் தன் கைப்பட எழுதியிருந்தாலே போதுமா என்றால் அதுவும் போதாது. பச்சித்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், கோப்பில் அமைச்சர் எழுதிய குறிப்பு, முறைப்படி அரசின் உத்தரவாக வெளியிடப்பட்டுச் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்கப்படும்வரை அரசின் உத்தரவாகாது என்று சொன்னது. எழுதிய குறிப்புக்கே இந்த நிலை என்றால் வாயால் வந்த சொல்லை வைத்து என்ன செய்ய முடியும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

உறுதிசெய்ய மறுத்தால், அல்லது சொன்னதே தவறு என்றால்

இரண்டும் வேறு வேறு, குழப்பிக்கொள்ளக் கூடாது.

சொன்னது சட்டப்படி சரியானது, ஆனால் எழுத்தில் தர அவருக்கு நேரமில்லை அல்லது மனமில்லை என்றால், குறிப்பில் பதிந்து, நியாயமான இடைவெளி விட்டு ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். சண்டை வேண்டாம். உங்கள் பதிவு இருக்கிறது, அதைப் பார்த்தும் அவர் மறுக்கவில்லை என்பதும் பதிவில் இருக்கிறது.

சொன்னது விதிக்கு முரணானது என்றால் செய்துவிட்டு எழுதுவது வழியல்ல. செய்வதற்கு முன்னால் எழுதுங்கள். விதி எண்ணைக் குறிப்பிட்டு, அதன் நகலை வைத்து, "மேற்கண்ட விதியின்படி இவ்வாறு செய்ய இடமில்லை எனத் தெரிகிறது, தக்க உத்தரவு வழங்குமாறு வேண்டப்படுகிறது" என்று சமர்ப்பியுங்கள். நான் கண்டவரையில், இந்தக் கட்டத்திலேயே பல வாய்மொழி உத்தரவுகள் அடங்கிவிடுகின்றன. விதியை முன்னால் வைத்துக்கொண்டு அதற்கு எதிராக எழுதிக் கையெழுத்துப் போட ஒருவர் பல முறை யோசிப்பார். சில நேரம் உங்களுக்குத் தெரியாத விதிவிலக்கோ பிந்திய சுற்றறிக்கையோ இருக்கும், அதிகாரி அதைக் காட்டி எழுதுவார், அதுவும் நல்லதே. பேசித் தீராத சந்தேகம் ஒரு பக்கத்தில் தீர்ந்துவிடும். எழுதிய பிறகும் அழுத்தம் வரும், இடமாற்றப் பேச்சு வரும், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் மேலதிகாரி சொன்னார் என்பது தெரிந்தே செய்த சட்டமீறலுக்கு விடுதலை தராது என்பதை மனதில் வையுங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. எழுத்தில் கொடுங்கள் என்பதை ஒரு தடுப்பாகப் பயன்படுத்தி எந்த வேலையையும் செய்யாமல் இருப்பவர்களும் இருக்கிறார்கள். உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்ட முடிவை நீங்களே எடுக்க வேண்டும். தேவையில்லாத இடத்தில் மேலிட உத்தரவு கேட்டுப் பொறுப்பைத் தட்டிக்கழிக்க இந்த விதி இடம் தரவில்லை என்று அதே 3-ஆம் விதியின் விளக்கம் சொல்கிறது.

கூட்டங்களில்

கூட்ட நடவடிக்கைக் குறிப்பு எழுதும் வேலை பெரும்பாலும் புதியவர்கள் தலையில்தான் விழும். யார் என்ன பேசினார் என்று வரிசையாக எழுதிக்கொண்டு போகாதீர்கள், யாரும் படிக்க மாட்டார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் முடிவு என்ன, யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள், இந்த மூன்றும் தெளிவாக இருந்தால் போதும். மறுப்புத் தெரிவித்தவர் இருந்தால் அவர் பெயரும் காரணமும் ஒரு வரியில். "ஆவன செய்யப்படும்" என்ற சொல்லை அனுமதிக்காதீர்கள், அதற்குப் பொறுப்பாளரும் கிடையாது தேதியும் கிடையாது. கூட்டம் கலையும் முன் முடிவுகளை ஒருமுறை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். தவறாகப் புரிந்துகொண்டது அங்கேயே தெரிந்துவிடும். ஓரிரு நாளில் எல்லோருக்கும் அனுப்பி, திருத்தம் இருந்தால் இந்தத் தேதிக்குள் சொல்லவும் என்று கேளுங்கள். வேறு துறை கலந்துகொண்ட கூட்டமென்றால் இது கட்டாயம். இரண்டு துறையும் இரண்டு விதமாக எழுதி வைத்துக்கொண்டால் நடுவில் மாட்டுவது பொதுமக்கள்தான்.

மனுதாரரிடம் சொன்ன சொல்

இதை யாரும் பயிற்சியில் சொல்லிக்கொடுப்பதில்லை, ஆனால் எனக்கு இதுதான் மிகவும் மனதில் நிற்கிறது. குறைதீர்க்கும் நாளில் ஒரு மூதாட்டி உதவித்தொகை நின்றுபோனதற்கு மனுக் கொடுக்கிறார். உயர் அதிகாரி மனுவைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நிற்பவரிடம், "இந்த மாசத்துக்குள்ள பாத்து முடிச்சுக் குடுத்துடுங்க" என்கிறார். மூதாட்டி கும்பிட்டுவிட்டுப் போகிறார். அவரைப் பொறுத்தவரை அரசாங்கம் வாக்குக் கொடுத்துவிட்டது. மனுவில் என்ன எழுதியிருக்கிறது? "தக்க நடவடிக்கைக்கு." அந்த "இந்த மாசத்துக்குள்ள" எங்கேயும் ஏறவில்லை. அடுத்த மாதம் அவர் திரும்பி வரும்போது மேசையில் வேறு ஒருவர் இருப்பார், "அப்படி யாரும் சொல்லலையேம்மா" என்பார். அவரும் பொய் சொல்லவில்லை, அவரிடம் இருக்கும் காகிதத்தில் அது இல்லை.

நீங்கள் அந்தப் பக்கத்தில் நிற்பவராக இருந்தால், மனுவின் மேலேயே எழுதிவிடுங்கள்: நாள், யார் சொன்னது, எந்தத் தேதிக்குள். அதிகாரியிடம் சுருக்கொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள், அரை நிமிட வேலை. மனுதாரரிடம் ஒப்புகைச் சீட்டைக் கொடுக்கும்போது அந்தத் தேதியையும் அதில் எழுதிக் கொடுங்கள். மனுவை ஏற்க முடியாது என்று வாயால் சொல்லி அனுப்புவதும் இதே வகைதான். நிர்வாக முடிவால் பாதிக்கப்படுபவருக்குக் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(டி) பிரிவு சொல்கிறது. எழுத்தில் மறுத்தால் அவர் மேல்முறையீடு செய்யலாம், வாயால் மறுத்தால் அவருக்குப் போக இடமே இல்லை.

மின்கோப்பில் வேலை செய்பவர்கள்

இ-ஆபீஸில் மஞ்சள் குறிப்பு, பச்சைக் குறிப்பு என்று இரண்டு உண்டு. மஞ்சள் என்பது வரைவு, மாற்றலாம், நீக்கிவிடலாம். பச்சைதான் நிலையான பதிவு. பேச்சின் விவரத்தை மஞ்சளில் மட்டும் எழுதி அனுப்பினால், அது நீக்கப்பட்டுவிட வாய்ப்பு உண்டு. ஆகவே பேசிய விவரம் எப்போதும் பச்சைக் குறிப்பில் வர வேண்டும். மின்கோப்பில் ஒவ்வொரு அசைவுக்கும் நாளும் நேரமும் தானாகப் பதிவாவதால், பேசிய நேரத்துக்கும் எழுதிய நேரத்துக்கும் உள்ள இடைவெளி யார் பார்த்தாலும் தெரியும். காகிதக் கோப்புக்குச் சொன்ன "அன்றைக்கே எழுது" இங்கே இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

கடைசியாக, இடமாற்றத்தில் போகும்போது. பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் நிலுவைக் கோப்பு, பதிவேடு, சாவி எல்லாம் இருக்கும். அதோடு, உறுதிப்படுத்தல் இன்னும் வராத வாய்மொழி உத்தரவுகள் எவை, எந்தக் கோப்பில், எந்தப் பக்கத்தில், எப்போது கேட்டது என்று தனியாக ஒரு தாள் எழுதி, உங்களுக்குப் பின் வருபவரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நகல் உங்களிடமும் இருக்கட்டும்.